முதுசக் காணியும் துறவிகளின் காணியும்: ஹூவெடோயா தீவில் ஒரு சனிக்கிழமை

இந்த வருடம், 2004 யூன் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, நாங்கள் மூன்று பேர் ஹூவெடோயா தீவுக்குப் போனோம். ஒஸ்லோத் துறைமுகத்துக்கு நேர் எதிரே கிடக்கிற தீவு அது. புருசெத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இதையெல்லாம் பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்று முகம் சுளிப்பவர்கள், பாரிஸ் போன என் பழைய பதிவைப் படிக்கலாம். அதில் செலவும் கூட, கால்வலியும் கூட.

போனதற்குக் காரணம் பரமநாதன் அண்ணை. எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கிறார். ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவர், அறுபதைத் தாண்டிவிட்டார், சீக்கிரம் ஓய்வு. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்தில், கோப்பாய்ப் பக்கம், தகப்பன் வழியில் வந்த முதுசக் காணி எட்டுப் பரப்பு இருக்கிறது. எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். செம்மண், நல்ல தண்ணீர்க் கிணறு. சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து ஆட்கள் ஊருக்குப் போய் வரத் தொடங்கியதிலிருந்து ஒஸ்லோவில் எங்கள் சனத்துக்கெல்லாம் காணிக் காய்ச்சல். அண்ணைக்கும் அது பிடித்துவிட்டது.

அங்கே இருக்கும் முதியோர் இல்லம் ஒன்று அவரிடம் ஒரு ஏற்பாட்டைச் சொல்லியிருந்தது. காணியை இல்லத்துக்கு எழுதிக்கொடுத்தால், குளியலறையோடு ஓர் அறை, மூன்று நேரச் சாப்பாடு, நோய் வருத்தம் வந்தால் பராமரிப்பு, எல்லாம் கடைசிவரைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, காணி வெறுங்காணியாக இருக்க வேண்டும். அது வெறுங்காணி இல்லை. சண்டைக் காலத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் அதில் கொட்டில் போட்டு, வெங்காயமும் மிளகாயும் வைத்துச் சீவிக்கிறது. அண்ணை அவர்களைக் கண்டதே இல்லை. "எழுப்பிறது பெரிய வேலையே, செல்வி? கிராமசேவகரைப் பிடிச்சுக் கதைச்சால் ஒரு மாசத்திலை எழும்பிடுவினம்" என்பார். யூலை முதல் வாரம் விமானம். போய் உறுதிப் பத்திரம் எழுதிவிட்டு, ஓய்வு பெற்றதும் ஒரேயடியாகப் போய்விடுவது என்பது திட்டம்.

எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஞாயிறுதோறும் எங்களோடு சாப்பிட வருகிற மனுசன் போய்விட்டால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வெறிச்சென்று போய்விடும் என்பது என் சுயநலம். அதைச் சொன்னால் சிரிப்பார். அந்த நேரம் பார்த்து நூலகத்தில் நான் எடுத்து வந்த ஒரு புத்தகத்தில், ஹூவெடோயாவில் இருந்த சிஸ்தேர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் மடத்துத் துறவிகள் காணி சேர்த்த கதை இருந்தது. இடிபாடுகள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். படிக்கப் படிக்க எனக்கு அண்ணையின் காணிதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம் என்று கிளப்பிவிட்டேன்.

மூன்றாவது ஆள் சுபா. திருச்சிக்காரி, பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறாள், ரொம்சோசில் வாடகைக்கு இருக்கிறாள். என்னை அக்கா என்பாள், அண்ணையை சார் என்பாள். "நான் ஆருக்கும் படிப்பிக்கேல்லையே, பிள்ளை" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவளும் விடாமல் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

காலை ஒன்பதே முக்காலுக்குப் புருசெத்தில் தே-பானெ ஏறினோம். ஒஸ்லோவுக்குப் புதியவர்களுக்காக, நகரத்து நிலக்கீழ் ரயிலுக்கு அதுதான் பெயர். ஏர்ன்பானெதோர்கெத் நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. அங்கே சுபா கையில் ஒரு பெரிய பையோடு நின்றாள். படகுத்துறை இருக்கும் விப்பெதாங்கனுக்கு 60ஆம் இலக்கப் பேருந்து போகிறது. நாங்கள் நடந்தோம், ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். ஒற்றைச் சீட்டு இருபது குரோனர். மாத அட்டை வைத்திருப்பவர்கள் படகுக்குத் தனியாக எதுவும் கட்டத் தேவையில்லை. பத்தரைப் படகில் இடம் கிடைத்தது. வெயில் நாளில் குளிக்கப் போகிற கூட்டம் நெரியும், கொஞ்சம் முந்திப் போவது நல்லது.

படகில் அண்ணை சின்னப்பிள்ளை மாதிரி ஓரத்தில் போய் நின்றுகொண்டார். "இந்தத் துறைமுகத்தைச் சுத்தி எத்தினை வருஷமா ட்ராம் ஓடுறன். இந்தப் படகிலை ஒரு நாள் ஏறேல்லை" என்றார். ஏன் என்று சுபா கேட்டாள். "தண்டவாளம் இல்லாத இடத்துக்கு எனக்குப் போகத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்பு முடிவதற்குள் தீவு வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

படகுத்துறையிலிருந்து மடத்துக்குச் சாவகாசமாக நடந்தால் பத்து நிமிடம். மேட்டில் ஏறி இறங்க வேண்டும், தள்ளுவண்டிக் குழந்தைகளோடு போகலாம். வழியெல்லாம் காட்டுப் பூக்கள். சுண்ணாம்புச் சத்துள்ள மண், அதனால்தான் இவ்வளவு வகை என்று சுபா குனிந்து குனிந்து விளக்கம் சொன்னாள். வாத்துகள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். அவற்றின் எச்சத்தைப் பார்த்து மிதியுங்கள், வெள்ளைச் சப்பாத்து போட வேண்டாம்.

மேடு இறங்கினால் மரங்களுக்கு நடுவே திறந்த புல்வெளி, அதில் சாம்பல் நிறக் கற்சுவர்கள். கூரை ஒன்றும் இல்லை. சில இடங்களில் சுவர் ஆள் உயரத்துக்கு மேல், சில இடங்களில் முழங்கால் அளவு. அறிவிப்புப் பலகையில் இருக்கும் வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் எது தேவாலயம், எது துறவிகளின் முற்றம் என்று விளங்கும். நான் பார்க்காமல் போய், சுவர் காற்றை மறைக்கிற நல்ல இடமாகப் பார்த்துத் துணியை விரித்து, மீன் கட்லட் பெட்டியைத் திறந்துவிட்டேன். அண்ணை பலகையைப் படித்துவிட்டு ஓடி வந்தார்.

"செல்வி, எழும்பு! நீ இருக்கிறது மூலஸ்தானத்திலை!"

அது தேவாலயத்தின் பலிபீடம் இருந்த பக்கம். வாரிச் சுருட்டிக்கொண்டு எழும்பினேன். அண்ணை அதற்குள் சப்பாத்தைக் கழற்றி வாசல் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். சுபாவும் கழற்றினாள். பிறகு நான் மட்டும் எப்படிப் போட்டுக்கொண்டு நிற்பது? அரைக்காற்சட்டையோடு புல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நோர்வேக்காரி எங்கள் மூன்று சோடிச் சப்பாத்துகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கூரை இல்லாவிட்டாலும் கோயில் கோயில்தானே, எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி நான் படித்த கதை. 1147இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருந்த தாய்மடத்திலிருந்து ஒரு சிறு குழு இந்தத் தீவுக்கு வந்தது. அந்தச் சபையின் ஆரம்ப விதிகள் கடுமையானவை. குத்தகை வாங்கக் கூடாது, அடிமைக் குடிகளை வைத்திருக்கக் கூடாது, அடுத்தவன் உழைப்பில் சாப்பிடக் கூடாது. ஊரை விட்டு ஒதுங்கிய இடத்தில், தங்கள் கையால் உழுது சாப்பிட வேண்டும். ஆனால் நாள் முழுக்கச் செபம் செய்கிற மனிதர் எப்போது உழுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எழுத்துப் படிக்காத, ஆனால் துறவு வாக்குக் கொடுத்த உழைப்பாளிச் சகோதரர்கள் என்று ஒரு பிரிவு. மடத்தின் பண்ணைகளில் இவர்கள் இருந்து வேலை செய்வார்கள். பண்ணை மடத்திலிருந்து ஒரு நாள் நடைக்குள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு, ஞாயிறு பூசைக்குத் திரும்பி வர வேண்டுமே!

காணி எப்படி வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அரசர்களும் பிரபுக்களும் கொடுத்தார்கள். தங்கள் ஆன்மாவுக்காகத் துறவிகள் செபிக்க வேண்டும், செத்தால் மடத்து நிலத்தில் புதைக்க வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தார்கள். தானம் என்று எழுதிவிட்டுப் பின்கதவால் விலை வாங்கியவர்களும் இருந்தார்கள். சிதறிக் கிடந்த துண்டுகளை மாற்றி, வாங்கி, பக்கத்துக் காணியோடு சேர்த்து, ஒரே வளவாக்குவதில் துறவிகள் கெட்டிக்காரர்கள்.

"இது எங்க ஊர் கோயில் நிலம் மாதிரியே இருக்கே, அக்கா" என்றாள் சுபா. "விளக்கெரிக்க இவ்வளவு, அன்னதானத்துக்கு இவ்வளவுன்னு கல்வெட்டுல இருக்கும்."

"எங்கடை பக்கம் திருவிழா உபயத்துக்குக் காணி எழுதிறவை" என்றார் அண்ணை. இரண்டு பேரும் யார் ஊரில் கோயிலுக்குக் காணி கூட என்று வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டிகளோடு துறவிகளின் உணவுக்கூடம் இருந்த பக்கம் போனேன்.

அங்கே துணி விரித்தோம். என் கட்லட், அண்ணை கொண்டுவந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ், சுபாவின் புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். தீவில் கோடையில் ஒரு சிற்றுண்டிக் கடை திறக்கும், ஆனால் விலையைப் பார்த்தால் பசி தானாக அடங்கிவிடும். சாப்பிட்டுக்கொண்டே நான் மெல்ல விசயத்துக்கு வந்தேன்.

"அண்ணை, உங்களை மாதிரி ஆக்கள் இஞ்சையும் இருந்தவை. வயசான நேரம் காணியை மடத்துக்கு எழுதிக் குடுத்திட்டு, சாகுமட்டும் இஞ்சை அறையும் சாப்பாடும். இந்தச் சபை மடங்கள் கன இடத்திலை அப்பிடிச் செய்தது."

அண்ணை ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "அப்ப நல்ல திட்டம்தானே. எண்ணூறு வருஷத்துக்கு முதலே யோசிச்சிருக்கிறாங்கள்."

"ஓம். ஆனால் மடத்திலை சாப்பிடேக்கை கதைக்கக் கூடாது. துறவியள் வாயே திறக்கமாட்டினம். ஒராள் நிண்டு வேதப் புத்தகம் வாசிப்பார், மற்றவை கேட்டுக்கொண்டு சாப்பிட வேணும். உப்பு வேணுமெண்டாலும் கையாலைதான் காட்டோணும்."

"என்னது? காணியையும் குடுத்து, கதைக்காமலும் சாப்பிடுறதோ?"

அண்ணையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும். அவருக்குச் சாப்பாடு என்பதே கதைப்பதற்குக் கிடைக்கிற சாட்டு. சுபா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டு, "செல்வி, நீ பகிடி விடுறாய். நான் ஏன் போறன் எண்டு உனக்குத் தெரியாதே?" என்றார்.

"தெரியும், அண்ணை."

"இஞ்சை ஏலாமல் போனால் சிக்கெயெம்மிலை கொண்டுபோய் விடுவினம்." நோர்வேயில் முதியவர்களைப் பராமரிக்கிற இல்லத்தைச் சொல்கிறார். "நல்ல இடம்தான், குறை சொல்லேல்லை. துப்புரவு, வெதுவெதுப்பு, எல்லாம் இருக்கு. ஆனால் அந்த மேசையிலை என்னோடை தமிழிலை கதைச்சுச் சாப்பிட ஆர் இருக்கினம்? எனக்கு அறையும் தேவையில்லை, குளியலறையும் தேவையில்லை. சாப்பிடேக்கை பக்கத்திலை ஆள் வேணும்."

நான் கட்லட் ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

சுபாதான் பேச்சை மாற்றினாள். பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கேட்டாள், பாவம். "அக்கா, ஊரை விட்டு ஒதுங்குன இடம்தான் வேணும்னு சொன்னீங்களே. அவ்வளவு நிலம் யாரும் இல்லாமலா கிடந்துச்சு? ஏற்கெனவே அங்க குடியிருந்தவங்க என்ன ஆனாங்க?"

புத்தகத்தில் அதுவும் இருந்தது. நான் தெரிந்தே சொல்லாமல் விட்ட பகுதி இல்லை, அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் சில இடங்களில் பண்ணை அமைப்பதற்காகக் குடிகளை எழுப்பி, சின்ன ஊர்களையே இல்லாமல் செய்திருக்கிறார்கள். தனிமை வேண்டும் என்று விதி சொல்கிறது, தனிமை கிடைக்காவிட்டால் உண்டாக்கிக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே அவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. நோர்வேயில் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. இங்கே மடத்துக்குக் கிடைத்த பண்ணைகள் தூரத் தூர இருந்தன, குடிகள் இருந்தபடியே இருந்து வருடக் குத்தகையை வெண்ணெயாகவும் தோலாகவும் தானியமாகவும் கொடுத்தார்கள். காலப்போக்கில் உழைப்பாளிச் சகோதரர்கள் குறைந்துபோக, மற்ற நாடுகளிலும் சபை தன் விதியைத் தளர்த்திக் குத்தகைக்கு விடத் தொடங்கியது. ஹூவெடோயா மடம் நானூறுக்கு மேற்பட்ட பண்ணைகளில் பங்கு வைத்திருந்த பணக்கார மடமாக வளர்ந்தது. 1532இல் அதைக் கொள்ளையடித்து எரித்தார்கள். நிலம் அரசனிடம் போனது. கற்களில் ஒரு பகுதி எதிர்க்கரையில் தெரிகிற ஆகர்ஷ்ஹுஸ் கோட்டைக்குப் போனது.

இதெல்லாம் நான் சொல்லி முடித்தபோது அண்ணை புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எழும்பின ஆக்கள் எங்கை போனவை?" என்று கேட்டார்.

"தெரியாது, அண்ணை. காணி குடுத்த ஆக்களின்ரை பேர் எல்லாம் புத்தகத்திலை இருக்கு. எழும்பினவையின்ரை பேர் இல்லை."

தீவைச் சுற்றி நடந்தோம். பழைய பீரங்கி மேட்டில் ஏறிப் பார்த்தோம். மேற்குக் கரையில் சுபா முழங்கால் வரை கடலில் இறங்கி, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பக்கத்தில் ஒரு நோர்வேக் குடும்பம் தகரத் தட்டு அடுப்பில் சொசேஜ் சுட்டுக்கொண்டு எங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டது. சந்தோசமான நாள்தான், எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பின்னேரம் நாலேகால் படகில் திரும்பினோம். திரும்பும்போது அண்ணை ஓரத்தில் போய் நிற்கவில்லை, உள்ளே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். யூன், ஓகஸ்ட் இரண்டும் நல்லது. யூலையில் குளிக்க வருகிற கூட்டத்தில் மடத்தைப் பார்க்க நிம்மதி இராது. குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். தீவில் இரவு தங்கிக் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை, அந்த ஆசை இருந்தால் லாங்கோயா என்ற அடுத்த தீவு இருக்கிறது. பூக்களைப் பறிக்க வேண்டாம், நிறைய இடம் பாதுகாக்கப்பட்ட பகுதி. மூன்று பேருக்கும் போக்குவரத்துக்குப் பெரிய செலவில்லை, என்னிடமும் அண்ணையிடமும் மாத அட்டை இருந்தது, சுபா மட்டும் சீட்டு வாங்கினாள். சுவர்களில் ஏறாதீர்கள். சாப்பிட உட்காரும் முன் பலகையைப் படியுங்கள்.

இடிபாடு பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள் என்று கேட்போம். நானும் இத்தனை வருடம் அதைத்தான் கேட்டு வந்தேன். இப்போது சுபா கேட்டதையும் சேர்த்துக் கேட்கிறேன். எந்தப் பெரிய கட்டடத்துக்குப் போனாலும் அதைச் சாப்பாடு போட்டு வளர்த்த காணி எங்கே இருந்தது, அதில் யார் இருந்தார்கள் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பார்க்கிற கல்லின் கனமே மாறிவிடுகிறது.

அண்ணை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். யூலையில் போனார். செப்ரெம்பர் தொடக்கத்தில் திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பெரிய பொட்டலம், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மூன்று கிலோ இருக்கும். "இது இந்த வருஷக் குத்தகை" என்று மேசையில் வைத்தார். வீடு முழுக்க மணம். அன்றைக்குச் சுபாவும் வந்திருந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கத் தொடங்கினோம்.

இல்லத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தாராம். மோசமில்லையாம், ஆனால் சாப்பாட்டு நேரம் தொலைக்காட்சி நாடகம் போட்டுவிடுவார்களாம், ஒருவரும் வாய் திறப்பதில்லையாம். அதற்குப் பிறகுதான் காணியைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"படலையைத் தட்டினன். ஒரு பொம்பிளை கையெல்லாம் மண்ணோடை வந்து, 'ஆரைத் தேடி வந்தனீங்கள், ஐயா?' எண்டு கேட்டா. என்ரை அப்பு வெட்டின கிணறு அவவுக்குப் பின்னாலை தெரியுது. இது என்ரை காணி எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. தண்ணி விடாய்க்குது எண்டனான்."

தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் என்றபடியால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் மறித்திருக்கிறார்கள். புருசன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டு சாப்பிட்டார்களாம். அண்ணை இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். கை கழுவியபிறகுதான் தான் யார் என்று சொல்லியிருக்கிறார்.

"கோவிச்சுக்கிட்டாங்களா, சார்?" என்று சுபா மெல்லக் கேட்டாள்.

"இல்லை, பிள்ளை. அழவுமில்லை. பிள்ளையளை வெளியாலை அனுப்பிப்போட்டு அந்தப் பொம்பிளை என்னட்டை ஒண்டுதான் கேட்டவ. 'எத்தினை நாள் தருவியள், ஐயா?' எண்டு."

அண்ணை சோற்றைப் பிசைந்தார்.

"எனக்கு எத்தினை நாள் எண்டே எனக்குத் தெரியாது. நான் அவவுக்கு என்னெண்டு கணக்குச் சொல்லுறது? இருங்கோ எண்டனான்."